நியூகேட்டில் கை தூக்கிய பெண்கள்

உங்க சொந்தத்துல யாராவது 2017-க்கு முன்னாடி லண்டன் போயிட்டு வந்திருந்தா, அவங்க பர்ஸ்ல மிச்சமா ஒரு ஐந்து பவுண்ட் நோட்டு கிடக்க வாய்ப்பு இருக்கு. எங்க பெரியப்பா வீட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில அப்படி ஒண்ணு பல வருஷமா இருந்தது. ஒரு பக்கம் எலிசபெத் மகாராணி. திருப்பினா இன்னொரு எலிசபெத்: தலையில வெள்ளைத் தொப்பி, பாட்டி மாதிரி சாந்தமான முகம். பக்கத்துல சின்னதா ஒரு படம். அந்தம்மா எதையோ வாசிக்கிறாங்க, சுத்தி ஒரு கூட்டம் உட்கார்ந்து கேட்குது. சின்ன வயசுல அது ஏதோ சர்ச்னு நினைச்சுக்கிட்டேன்.

சர்ச் இல்லை, ஜெயில். லண்டன் நியூகேட் சிறை. வாசிக்கிறவர் எலிசபெத் ஃப்ரை. 2002-லிருந்து 2017 வரை இங்கிலாந்து பேங்க் அவர் படத்தை அந்த நோட்டில் அச்சடித்தது. அந்த பேங்க்குக்கும் இவருக்கும் நடுவில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அது பின்னாடி வரும்.

இவரைப் பற்றி ஏன் நான் எழுதுறேன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு, அதையும் பின்னாடிதான் சொல்லுவேன். முதல்ல ஆளைப் பார்ப்போம்.

1780 மே 21-ம் தேதி, நார்விச் நகரத்தில் பிறந்தார். வீட்டில் கூப்பிடும் பெயர் பெட்சி. அப்பா ஜான் கர்னியின் குடும்பத்துக்கு கம்பளி வியாபாரமும் பேங்க்கும் இருந்தன. அம்மா கேத்தரின், பார்க்ளே குடும்பத்துப் பெண். பார்க்ளேஸ் பேங்க்ல இருக்கிற அதே பார்க்ளே. ஆக, காசுக்குக் குறைச்சல் இல்லாத வீடு. பிள்ளைகள் மொத்தம் பன்னிரண்டு. பெட்சிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மா இறந்துபோனார்.

சின்ன வயசு பெட்சியைப் பார்த்து, இவள் நாளைக்கு நாடாளுமன்றத்துல போய்ப் பேசுவாள்னு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டாங்க. இருட்டுன்னா பயம். கடல்னா பயம். படிப்பில் மந்தம் என்று வீட்டிலேயே பெயர். எழுத்துப்பிழை கடைசி வரைக்கும் போகவில்லை. அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் இந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர் கூட்டத்தில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளே ஏதாவது தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசலாம். பெண்களும் பேசலாம். நாலு பேருக்கு முன்னால் பெண் வாய் திறப்பதே தப்பு என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கர்னி வீட்டுப் பெண்கள் ரொம்பக் கட்டுப்பாடான குவேக்கர்கள் கிடையாது. பாட்டு, டான்ஸ், கலர் கலரா உடுப்பு எல்லாம் உண்டு. 1798-ல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் சேவரி என்ற போதகர் நார்விச்சுக்கு வந்தபோது, பதினேழு வயது பெட்சி ஊதா நிற பூட்ஸ் போட்டு, அதற்குச் சிவப்பு லேஸ் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாராம். போகும்போது அந்த பூட்ஸ்தான் ஞாபகம். கூட்டம் முடிஞ்சு வண்டியில திரும்பும்போது அழுகை.

அதற்கப்புறம் கலர் உடுப்பு மெல்ல மெல்லப் போய், எளிய உடையும் அந்த வெள்ளைத் தொப்பியும் வந்தன. ஊர் ஏழைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒண்ணு ரெண்டுன்னு வந்தது, கடைசியில் எழுபது எண்பது ஆனது. துணி துவைக்கும் அறைதான் வகுப்பு. எழுத்துப்பிழை போகாத பெண்தான் டீச்சர்.

1800-ல் ஜோசப் ஃப்ரையோடு கல்யாணம். அவர்களுக்குத் தேயிலை வியாபாரமும் பேங்க்கும். லண்டனில் கடைக்கு மேலேயே வீடு. அடுத்த இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு பிள்ளைகள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இனிமேல் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், அதை மறந்துடாதீங்க.

1813 ஜனவரி. ஸ்டீஃபன் கிரெலெட் என்ற குவேக்கர், நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியைப் பார்த்துவிட்டு நேராக ஃப்ரை வீட்டுக்கு வந்தார். பார்த்ததைச் சொன்னார். குளிரில் துணியில்லாமல் பச்சைக் குழந்தைகள். அன்றைக்கே ஃப்ரை தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து குழந்தைத் துணி தைத்தார். மறுநாள் அன்னா பக்ஸ்டன் என்ற தோழியோடு சிறைக்குப் போனார். சிறை அதிகாரியே தனியாக உள்ளே போகத் தயங்கும் இடம் அது.

உள்ளே என்ன இருந்தது? இரண்டு கூடம், இரண்டு அறை. அதற்குள் முந்நூறு பெண்கள், அவர்களின் பிள்ளைகளோடு. தூக்குத் தண்டனைக்குக் காத்திருப்பவள், ஒரு துண்டுத் துணி திருடியவள், இன்னும் விசாரணையே முடியாதவள் என்று வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் ஒரே தரையில். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். படுக்கை கிடையாது. காசு இருந்தால் சாராயம் சிறைக்குள்ளேயே கிடைக்கும். காசுக்கு என்ன வழி? கம்பிக்கு வெளியே யாராவது வந்தால், கம்பு நுனியில் மரக்கரண்டியைக் கட்டி நீட்டிப் பிச்சை கேட்பது. அந்தக் கரண்டிக்கும் அடிதடி. செத்துப்போன ஒரு குழந்தையின் துணியைக் கழற்றி, உயிரோடு இருக்கும் குழந்தைக்குப் போடும் இரண்டு பெண்களை அங்கே பார்த்தார்கள்.

துணி கொடுத்தார்கள். படுக்க வைக்கோல் கொடுத்தார்கள். மொத்தம் மூன்று தடவை போனார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏறக்குறைய நாலு வருஷம் ஃப்ரை அந்தப் பக்கம் போகவே இல்லை.

இந்த இடத்துல என் கதை கொஞ்சம். செகண்ட் இயர் படிக்கும்போது ஒரு கூர்நோக்கு இல்லத்துக்கு ஒரு குரூப்பாப் போனோம். வழக்கு இருக்கிற பதினெட்டு வயசுக்குள்ள பசங்களை வைக்கிற இடம். நோட்டுப் புத்தகம், பிஸ்கட், கேரம் போர்டு எல்லாம் வாங்கிட்டுப் போனோம். ரெண்டு மணி நேரம் இருந்தோம். கிளம்புறப்போ ஒரு பையன் என்கிட்ட வந்து, பின்னம் கணக்கு எப்படிக் கூட்டறதுன்னு கேட்டான். கீழே இருக்கிற எண் வேற வேறயா இருந்தா என்ன பண்றதுன்னு. பஸ் நிக்குது, எல்லாரும் கூப்பிடுறாங்க. அடுத்த வாரம் வந்து சொல்லித் தரேன்னு சொன்னேன். நான் இப்போ ஃபைனல் இயர். அந்த அடுத்த வாரம் இன்னும் வரலை. அதனாலதான் ஃப்ரையோட வாழ்க்கையில இந்த நாலு வருஷ இடைவெளி மேல எனக்கு இவ்வளவு கவனம்.

அவருக்கு நியாயமான காரணங்கள் இருந்தன, எனக்கு இல்லை. அந்த நாலு வருஷத்தில் வீட்டில் பிரசவங்கள், பணக் கஷ்டம். 1816 கடைசியில் மகள் பெட்சி, அம்மாவின் பெயரையே வைத்த குழந்தை, இறந்துபோனாள். அது முடிந்து சில வாரங்களில், அந்தக் கிறிஸ்துமஸை ஒட்டி, ஃப்ரை மறுபடியும் நியூகேட் வாசலில் நின்றார்.

இந்தத் தடவை மூட்டை இல்லை. பெண்களோடு தன்னைத் தனியாக விடச் சொல்லி உள்ளே போனார். அங்கே இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு நாம் சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, ஜெயிலில் குழந்தை வளர்க்கிற அம்மாக்களிடம் கேட்கிறார். பேச்சு அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

சரி, டீச்சர் யார்? வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதுதான் நமக்கு முதலில் தோன்றும். ஃப்ரை அப்படிச் செய்யவில்லை. உங்களில் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டுவிட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்தது மேரி கானர் என்ற இளம்பெண்ணை. கடிகாரம் திருடினதாகத் தண்டனை பெற்றவர், ஆனால் எழுதப் படிக்கத் தெரியும்.

அதிகாரிகள் கொஞ்சமும் நம்பவில்லை. இடம் இல்லை என்றார்கள். ஃப்ரை விடாமல் கேட்டு, காலியாகக் கிடந்த ஒரு சிறை அறையை வாங்கினார். 1817-ல் முப்பது பேரோடு பள்ளிக்கூடம் ஆரம்பமானது. பிள்ளைகளுக்கும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மட்டும். முதல் நாள் வாசலில் ஒரே கூட்டம். வயது தாண்டிவிட்டது, இடமும் இல்லை; ஆனாலும் எங்களுக்கும் படிக்கச் சொல்லிக்கொடுங்கள், ஏதாவது வேலை கொடுங்கள் என்று பெண்கள் கதவருகே முட்டிக்கொண்டு நின்றார்கள். மிருகங்கள் என்று ஊரே சொன்ன அதே பெண்கள்.

அந்தக் கூட்டம்தான் அடுத்த வேலைக்குக் காரணம். 1817 ஏப்ரலில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் பாதிரியாரின் மனைவி, மீதி எல்லாம் குவேக்கர்கள். தினமும் யாராவது ஒருவர் சிறைக்குப் போவது, பெண்களை மேற்பார்க்க ஒரு மேட்ரனைச் சம்பளத்துக்கு வைப்பது, எல்லோருக்கும் தையல் வேலை கொடுப்பது. துணியும் ஊசியும் கொடுத்தால் திருடி விற்றுவிடுவார்கள் என்று எச்சரிக்கை வந்தது.

ஒருநாள் கைதிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டினார். சிறை அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் விதிகள் எழுதின தாள். பிச்சை கேட்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, சீட்டாட்டம் கூடாது என்று ஒரு பட்டியல். நம்ம ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுலயும் இப்படித்தான் இருக்கும். ஒரு நாள் காலையில ஒட்டியிருப்பாங்க, அன்னையிலிருந்து அதுதான் சட்டம். இங்கே அப்படி இல்லை. ஃப்ரை ஒவ்வொரு விதியாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றால் கை தூக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் எல்லாக் கைகளும் மேலே போயின.

யோசிச்சுப் பாருங்க, வருஷம் 1817. அந்த நாட்டில் பணக்காரப் பெண்ணுக்குக்கூட ஓட்டுக் கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட இன்னும் நூறு வருஷம் இருக்கிறது. ஜெயிலுக்குள்ளே திருட்டுக் கேஸில் வந்தவர்களிடம் ஒருவர் சம்மதம் கேட்கிறார். ஃப்ரை செய்ததிலேயே எனக்குப் பெரிசாத் தெரியுறது இதுதான். பள்ளிக்கூடம்கூட அப்புறம்தான்.

பெண்களைப் பன்னிரண்டு பேர் வரை கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி, அவரும் கைதிதான். இந்த முறை நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர் இருப்பார்னு உங்க தாத்தா சொல்லியிருக்கலாம். முன்னாடியே படிச்ச பையன் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-லிருந்து மதராஸ் எழும்பூரில் ஒரு அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தியபோது, இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டார். மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அங்கேதான் வளர்த்தார். லண்டன் போய் 1797-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கரும் அதே மாதிரி முறையில் லண்டன் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஃப்ரை சிறைக்குள் போன காலத்தில் இங்கிலாந்தில் அது பரவலாகத் தெரிந்த முறை. நம்ம எழும்பூருக்கு இந்தக் கதையில அப்படி ஒரு சின்னப் பங்கு.

துணி காணாமல் போகவில்லை. முதல் பத்து மாதத்தில் ஏறத்தாழ 20,000 உருப்படிகள் தைத்துக் கொடுத்தார்கள். தைத்ததற்குக் கூலி. அந்தக் காசில் டீத்தூள், சர்க்கரை மாதிரி சாமான் வாங்க உள்ளேயே ஒரு சின்னக் கடை. லண்டன் மேயரும் நகராட்சிக்காரர்களும் வந்து பார்த்தார்கள். கரண்டி கட்டின கம்புகளைக் காணவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் நகராட்சியே இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு மேட்ரன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது.

டீச்சர் மேரி கானர் என்ன ஆனார்? நல்ல நடத்தைக்காக மன்னிப்புக் கிடைத்தது, ஒன்றேகால் வருஷத்துக்குள். ஆனால் காசநோய் வந்து சீக்கிரமே இறந்துவிட்டார். வெளியே வந்து அவர் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார்னு எழுத எனக்கு ஆசைதான். நடக்கலை.

1818 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு ஒன்று சிறைகளைப் பற்றி விசாரிக்க ஃப்ரையை அழைத்தது. அப்படி ஒரு குழுவின் முன் சாட்சி சொல்ல ஒரு பெண்ணைக் கூப்பிடுவது அதுவரை கேள்விப்படாத விஷயம். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: பெண் கைதிகளை ஆண்களிடமிருந்து பிரியுங்கள், பெண்களைப் பெண் காவலர்களே பார்க்கட்டும், கூலியோடு வேலை கொடுங்கள், சின்னக் குற்றத்தையும் பெரிய குற்றத்தையும் ஒன்றாகப் போட்டு அடைக்காதீர்கள். ஊர் முழுக்கப் பெயர் பரவியது.

பெயர் உச்சியில் இருந்த அந்த வருஷமே பெரிய அடியும் விழுந்தது. முன்னாடி சொன்ன பேங்க் கணக்கு இங்கேதான் வருது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து பேங்க் ஒரு பவுண்ட், இரண்டு பவுண்ட் நோட்டுகளை அச்சடித்தது. கள்ள நோட்டு அடிப்பது ரொம்ப எளிது. எளிதாக அடிக்க முடியாத நோட்டைத் தயாரிப்பதற்குப் பதிலாக, பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். கள்ள நோட்டை மாற்றினாலே தூக்கு. அந்த இருபது சொச்சம் வருஷத்தில் முந்நூறு பேருக்கு மேல். டிசைன்ல இருக்கிற பிழைக்கு யூசரைத் தண்டிக்கிறது என்று நம்ம பாஷையில் சொல்லலாம். சொல்லிட்டு சிரிக்க முடியலை.

ஹேரியட் ஸ்கெல்டன் என்ற பெண் அப்படித்தான் மாட்டினார். தான் நேசித்த ஆளுக்காகக் கள்ள நோட்டை மாற்றியவர். சிறையில் அவர் நடத்தையைப் பார்த்த எல்லோருக்கும் அவர் மேல் இரக்கம். ஃப்ரை அவருக்காக அலையாய் அலைந்தார். அரச குடும்பத்து க்ளோஸ்டர் பிரபுவையே சிறைக்கு அழைத்துவந்து காட்டினார். பேங்க் அதிகாரிகளிடம் கெஞ்சினார். உள்துறை அமைச்சர் சிட்மத் பிரபுவிடம் போனார். அவர் அசையவில்லை, இந்தம்மா நம் அதிகாரத்தில் தலையிடுகிறார் என்று கோபம்தான் வந்தது. 1818 ஏப்ரலில் ஹேரியட்டைத் தூக்கிலிட்டார்கள். கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் வயதான சார்லட் ராணி லண்டன் மேயர் மாளிகையில் எல்லோருக்கும் முன்னால் ஃப்ரையோடு நின்று பேசினார், கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஃப்ரைக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

அந்த பேங்க்தான் பிறகு ஃப்ரை முகத்தை நோட்டில் போட்டது. 184 வருஷம் கழித்து.

தூக்கிலிருந்து தப்பியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல். கப்பலுக்கு முந்தின ராத்திரி பெண்கள் சிறையில் கையில் கிடைத்ததை எல்லாம் உடைத்துத் தீ வைப்பது வழக்கம். மறுநாள் காலில் விலங்கோடு திறந்த வண்டியில் ஏற்றி, தெருவில் ஜனங்கள் கல்லும் சேறும் எறிய எறியக் கொண்டுபோவார்கள். 1818-ல் மரியா என்ற கப்பலுக்கு 128 பெண்கள். அவர்களை மூடின குதிரை வண்டியில் அனுப்பச் சொல்லி ஃப்ரை அதிகாரியைச் சம்மதிக்க வைத்தார். ராத்திரி கலவரம் செய்ய மாட்டோம் என்று பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். கல் எறிய ஆள் இருக்குமே, அதனால் அந்த வண்டிகளோடு தானும் கூடவே போனார்.

கப்பல் கிளம்பும் வரை திரும்பத் திரும்பப் போனார். மாதக்கணக்கில் கடலில் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வந்தது. துணிக்கடை, துணி ஆலைகளில் மிச்சமாகும் துண்டுத் துணிகளைச் சேகரித்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை: ஊசி, நூல், கத்தரிக்கோல், துண்டுத் துணி, பைபிள். வழியில் போர்வை தைத்து, துறைமுகத்தில் விற்றால், புது ஊரில் இறங்கும்போது கையில் கொஞ்சம் காசு இருக்கும். கப்பலில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும். டீச்சர், வழக்கம்போல, கைதிகளில் ஒருவர்.

அடுத்த இருபது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. ஃப்ரையும் தோழிகளும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் போனார்கள், ஏறத்தாழ 12,000 பெண்கள். கடலைக் கண்டு பயந்த பெட்சிதான் தேம்ஸ் ஆற்றில் சின்னப் படகில் ஏறி ஒவ்வொரு கப்பலாகப் போய் வந்தார்.

ஆனால் இறங்கினதுக்கு அப்புறம்? ஆஸ்திரேலியாவில் பரமட்டா ஊரில் இருந்த பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் கடிதம் எழுதினார். இங்கே வந்து இறங்கும் பெண்களுக்கு ராத்திரி தங்க ஒரு கூரை கிடையாது. தங்க இடம் வேண்டுமென்றால் யாராவது ஒரு ஆணோடு போக வேண்டும். நீங்கள் கப்பலில் செய்து அனுப்புவது எல்லாம் கரையில் ஒரே நாளில் வீணாகிறது என்ற அர்த்தத்தில். ஃப்ரை அதை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தை நச்சரித்தார். பரமட்டாவில் 1821-ல் பெண்களுக்கு ஒரு கட்டடம் எழுந்தது. லண்டனிலும் விடுதலையாகும் பெண்கள் போய் இருக்க ஒரு இல்லம் அவர் சங்கத்துப் பெண்களின் முயற்சியில் வந்தது. ஜெயிலுக்குள்ள சொல்லிக்கொடுக்கிறது பாதி வேலைதான், கேட்டுக்கு வெளியே முதல் ராத்திரி எங்கே தூங்குறாங்கன்னு யாராவது பார்க்கணும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கடிதம்.

1823-ல் வந்த சிறைச் சட்டம் பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்கள் என்று எழுதியது. சட்டத்தை மதிக்கிறார்களா என்று பார்க்க அப்போது ஆய்வாளர்கள் கிடையாது, அதனால் பல இடங்களில் அது தாளோடு நின்றது.

ஃப்ரையைத் தெய்வமாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அவர் வாரா வாரம் சிறையில் பைபிள் வாசிப்பதைப் பார்க்க லண்டன் பெரிய மனிதர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். கைதிகள் காட்சிப் பொருள் மாதிரி ஆனார்கள். 1830-களில் அரசு நியமித்த ஆய்வாளர்கள் இதைக் குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருந்தது. எங்க குரூப் போட்டோ ஞாபகம் வந்தது. முன்வரிசையில நாங்க, பின்னாடி பசங்க, முகம் தெரியக்கூடாதுன்னு திரும்பி நின்னாங்க.

ஆனால் அந்த ஆய்வாளர்கள் கொண்டுவந்த மாற்று என்ன? தனிமை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பேசாமல், ஆளுக்கொரு அறை. 1842-ல் திறந்த பென்டன்வில் சிறை அதற்கென்றே கட்டப்பட்டது. கட்டடக்கலையாகப் பார்த்தால் சுத்தமான டிசைன், காற்றோட்டம்கூட நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். ஃப்ரைக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்கு மனிதர்களோடு போய் வாழ வேண்டியவரை மனிதர்களே இல்லாத இடத்தில் எப்படித் தயார் செய்வது என்பது அவர் கவலை. அவர் சொல் எடுபடவில்லை. அடுத்த பல பத்தாண்டுகள் அந்த டிசைன்தான் ஜெயித்தது.

வீட்டிலும் எல்லாம் சரியாக இல்லை. அம்மா எப்போது பார்த்தாலும் ஊரார் பிள்ளைகளோடுதான் என்று உறவினர் பேசினார்கள். 1828-ல் கணவரின் பேங்க் திவாலானது. பெரிய வீட்டை விட்டு சின்ன வீட்டுக்குப் போனார்கள். ஜோசப் ஃப்ரையைக் குவேக்கர்கள் சபையிலிருந்தே விலக்கினார்கள். பேங்க் பணமெல்லாம் மனைவியின் தர்மத்துக்குப் போயிருக்கும் என்று வதந்தி வேறு. ஃப்ரையின் சகோதரர்கள் கைகொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அவர் நியூகேட் போவதை நிறுத்தவில்லை.

1840-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1842-ல் பிரஷ்யா அரசர் லண்டன் வந்தபோது, ஃப்ரையோடு நியூகேட் போய்ப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில் வந்து சாப்பிட்டார். 1845 அக்டோபரில் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். பார்க்கிங் என்ற இடத்தில் குவேக்கர் மயானத்தில் அடக்கம். ஆயிரம் பேருக்கு மேல் வந்து, குவேக்கர் வழக்கப்படி சத்தமில்லாமல் நின்றார்கள்.

இறப்பதற்கு நாலு வருஷம் முன்னாடி, 1841-ல், ராஜா என்ற பெயருள்ள கப்பலில் ஹோபார்ட் போன பெண்கள் தைத்த போர்வை ஒன்று இன்னும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அதை அவர்கள் விற்கவில்லை. துணி கொடுத்த லண்டன் பெண்களுக்கு நன்றி என்று எழுத்தைத் தையலில் போட்டு வைத்தார்கள். பல வருஷம் எங்கே என்றே தெரியாமல் கிடந்து, பிறகு ஸ்காட்லாந்தில் கிடைத்தது. இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. போட்டோவை நெட்டில் பெரிசு பண்ணிப் பாருங்க. சில இடத்துல தையல் ரொம்ப நேர்த்தி, சில இடத்துல கோணல்மாணல். அப்போதான் ஊசி பிடிக்கப் பழகுறவங்க கை.

அந்தக் கூர்நோக்கு இல்லத்துப் பையன் இப்போ அங்கே இருக்க மாட்டான், கணக்குப் பண்ணிப் பார்த்தா அவனுக்கு வயசு பதினெட்டு தாண்டியிருக்கும். ஆனா வேற பசங்க இருப்பாங்க. அனுமதிக்கு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கோம், மூணு பேர் கையெழுத்து. செமஸ்டர் லீவுலயும் வாரா வாரம் வர முடியும்னா மட்டும் நாலாவது கையெழுத்துக்கு என்னைக் கேளுங்க. பிஸ்கட் வேண்டாம்.